மலைத் தோட்ட ஜீப்பில் சத்தமா? டிரான்ஸ்ஃபர் கேஸை வீட்டிலேயே சரிபார்க்கலாம்!

கீழ்ப்பழனி மலையில் காபி, மிளகு, மலைவாழை. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலை. கொல்லிமலையில் மிளகு, பலா. இந்தப் பகுதிகளில் விளைச்சலைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது இன்றும் பெரும்பாலும் பழைய ஜீப்தான். டிராக்டர் ஏறாத ஏற்றம், லாரி திரும்பாத வளைவு, கல்லும் சேறுமான பாதை, இவற்றில் ஜீப்பை ஓடவைப்பது அதன் ஃபோர் வீல் வசதி. அந்த வசதியைத் தரும் இரும்புப் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ்.

இந்தப் பெட்டியில் சத்தம் வந்தால் பலரும் கண்டுகொள்வதில்லை. 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று அறுவடை முடியும் வரை ஓட்டுகிறார்கள். சத்தத்தோடு ஆயிலும் ஒழுகத் தொடங்கும். அதற்குப் பிறகு நடப்பதுதான் ஆபத்து. பழைய ஜீப்களில் கைப்பிரேக் டிரம் பின் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்திலேயே இருக்கிறது. பின்பக்க ஆயில் சீல் ஒழுகினால் அந்த ஆயில் நேராகப் பிரேக் லைனிங்கில் இறங்கும். கைப்பிரேக் பிடிக்காது. சரிவில் நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டிய நிலை வந்துவிட்ட ஜீப்பில், முதலில் பார்க்க வேண்டியது டிரான்ஸ்ஃபர் கேஸைத்தான். ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் நிற்கும் வண்டிக்கு இது உயிர்ப் பிரச்னை.

நல்ல செய்தியும் உண்டு. பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் எளிமையான அமைப்பு. எங்கிருந்து சத்தம் வருகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பணம் செலவில்லை. காதும் பொறுமையும் போதும். பழுதுகளில் பாதியை, ஓரளவு ஸ்பானர் பிடித்துப் பழகியவர்கள் வீட்டிலேயே சரிசெய்ய முடியும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பில் வந்த 'ஸ்பைசர் 18' என்ற வகை டிரான்ஸ்ஃபர் கேஸ், பின்னர் நம் நாட்டில் தயாரான பழைய மஹிந்திரா ஜீப்களிலும் தொடர்ந்தது. இந்தக் கட்டுரை அந்த வகையைப் பற்றியது. புதிய வண்டிகளில் சங்கிலியால் இயங்கும் பெட்டிகளும், மின்சார சுவிட்சில் மாறும் பெட்டிகளும் உண்டு. அவற்றுக்குச் சோதனை முறைகள் ஓரளவு பொருந்தும்; பிரித்து மாட்டும் முறை பொருந்தாது.

ஸ்பைசர் 18 பெட்டியில் மூன்று முக்கிய பாகங்கள். கியர் பாக்ஸின் பின்முனையில் மாட்டியிருக்கும் மெயின் கியர் ஒன்று. அதனோடு பல் சேர்ந்து சுற்றும் நடுக் கியர் இரண்டாவது. மெக்கானிக்குகள் இதை இன்டர்மீடியட் கியர் என்பார்கள். மூன்றாவது, முன்னும் பின்னும் சக்கரங்களுக்குச் சக்தியை அனுப்பும் அவுட்புட் ஷாஃப்ட்.

இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். சாதாரணமாகப் பின் சக்கரத்தில் மட்டும் ஓடும்போதும் சக்தி முழுவதும் நடுக் கியர் வழியாகத்தான் போகிறது. ஃபோர் வீல் போட்டால்தான் இந்தப் பெட்டி தேயும் என்பது தவறான எண்ணம். வண்டி நகரும் ஒவ்வொரு நிமிடமும் நடுக் கியரும், அதைத் தாங்கும் ஷாஃப்டும், இடையிலுள்ள ஊசி ரோலர்களும் சுமை தாங்குகின்றன. அதனால்தான் இந்தப் பெட்டியில் முதலில் தேய்வது பெரும்பாலும் அந்த இடம்.

முதலில் ஆயில்

ஸ்பானரை எடுக்கும் முன் ஆயிலைப் பார்க்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கத்தில் உள்ள ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறந்து விரல்விட்டுப் பார்த்தால், துளையின் கீழ்விளிம்பு வரை ஆயில் இருக்க வேண்டும். பெட்டி மொத்தமாகக் கொள்வதே சுமார் ஒன்றரை லிட்டர்தான். அதில் அரை லிட்டர் ஒழுகிப் போனாலும் பாதிப்பு பெரிது.

பக்கத்திலுள்ள கியர் பாக்ஸின் அளவையும் கூடவே பார்க்க வேண்டும். ஒன்றில் குறைந்து மற்றொன்றில் நிரம்பி வழிந்தால், இரண்டுக்கும் இடையில் ஆயில் கடந்து போகிறது என்று பொருள். இதைக் கவனிக்காமல் ஒன்றில் மட்டும் ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

அடுத்து, வண்டி ஓடி வந்த சூட்டோடு அடிப் பிளக்கைத் திறந்து, ஆயிலைச் சுத்தமான வெள்ளைத் தட்டில் அல்லது அகன்ற பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். இதுதான் பெட்டியின் 'ரத்தப் பரிசோதனை'.

• விரலில் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் மாவுபோல் இருந்தால், அது வழக்கமான தேய்மானம்.

• ஊசிபோல், செதில்போல் இரும்புத் துண்டு இருந்தால் பேரிங் அல்லது ரோலர் உதிர்கிறது.

• பொன்னிறத்தில் மின்னினால், நடுக் கியரின் இரு பக்கமும் உள்ள வெண்கல வாஷர் தேய்கிறது.

• பல் துண்டு கிடைத்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது.

• பால் கலந்த தேநீர்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காட்டாறு, ஓடை கடக்கும் வண்டிகளில் இது அடிக்கடி வரும். மூச்சுக்குழல் அடைத்திருக்கிறதா, சீல் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தட்டில் துண்டு எதுவும் இல்லை, அளவுதான் குறைவு என்றால், புது ஆயில் ஊற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் அடங்கிவிட்டால், ஒழுகும் சீலை மாற்றுவதோடு வேலை முடிந்தது. வண்டிக் கையேட்டில் சொன்ன தரத்தையே வாங்க வேண்டும். வெண்கல, பித்தளை பாகங்கள் உள்ள பழைய பெட்டிகளுக்கு ஜி.எல்-4 தரக் கியர் ஆயில் பாதுகாப்பானது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

டயர், சக்கர பேரிங், கிராஸ், கிரவுன், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் என ஆறு இடங்களில் ஏதாவது ஒன்று சத்தம் போடலாம். உட்காருபவருக்கு எல்லாமே காலடியிலிருந்து வருவதுபோலத்தான் கேட்கும். டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துப் பார்த்து, கடைசியில் கிராஸ்தான் காரணம் என்று தெரிந்தால் இரண்டு நாள் வீண். ஆகவே வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

சத்தத்தின் வகை: ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒருவிதமாகவும், விடும்போது வேறுவிதமாகவும் ரீங்காரம் வந்தால் கியர் பல். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும் உறுமல் என்றால் பேரிங். கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் 'டங்' என்று ஒரே அடி விழுந்தால் கிராஸ் அல்லது ஷாஃப்ட் ஆட்டம். தார்ச்சாலையிலிருந்து மண்சாலைக்கு இறங்கியதும் சத்தம் மாறினால் டயர்.

டாப் கியர் சோதனை: டாப் கியரில் போகும்போது கியர் பாக்ஸ் கியர்களில் சுமை ஏறுவதில்லை, சக்தி நேராகப் பின்னால் போகிறது. ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸில் சுமை அப்படியே இருக்கும். ஆகவே கீழ் கியர்களில் சத்தம், டாப்பில் அமைதி என்றால் கியர் பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டும். எல்லாக் கியரிலும், டாப்பிலும் அதே சத்தம் என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அல்லது அதற்குப் பின்னால் உள்ள பாகங்கள்.

நின்ற இடத்துச் சோதனை: சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு மூன்று படியாகக் கேட்க வேண்டும்.

1. கியர் நியூட்ரலில், கிளட்ச் விட்ட நிலையில் சத்தம் வந்து, கிளட்சை மிதித்ததும் நின்றால், அது கியர் பாக்ஸ்.

2. கிளட்சை மிதித்தபடி டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரை நியூட்ரலில் வைத்து, கியரை டாப்பில் போட்டு, கிளட்சை மெதுவாக விட வேண்டும். வண்டி நகராது, மெயின் கியரும் நடுக் கியரும் மட்டும் சுற்றும். இப்போது புதிதாகச் சத்தம் வந்தால் அந்த இரண்டில் ஒன்று, அல்லது கியர் பாக்ஸின் பின்பக்க பேரிங்.

3. இரண்டு நிலையிலும் அமைதி, ஓடும்போது மட்டும் சத்தம் என்றால், அவுட்புட் ஷாஃப்ட் பேரிங், கிராஸ், கிரவுன் பக்கம் பார்க்க வேண்டும். சுமை ஏறினால் மட்டும் பேசும் கியர்களும் உண்டு. அதனால் இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஆயில் தட்டில் கண்டதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கைச் சோதனை: இன்ஜினை நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வெளிவரும் முன், பின் நுனிகளைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். கையில் தெரியும் அளவுக்கு ஆடினால் அவுட்புட் பேரிங் தளர்ந்திருக்கிறது. கிராஸ்களையும் அதேபோல் திருகிப் பார்க்க வேண்டும்.

முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, ஃபோர் வீல் போடாமல் சமதளத்தில் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. சத்தம் நின்றால் குற்றம் முன்பக்கத்தில். பின் ஷாஃப்டைக் கழற்றி இப்படி ஓட்டக் கூடாது. கைப்பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருப்பதால், பின் ஷாஃப்டைக் கழற்றியதும் கைப்பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் பின் சக்கரம் நிற்காது.

வீட்டில் செய்யக்கூடிய வேலை: நடுக் கியர்

பெட்டி முழுவதையும் இறக்காமலேயே நடுக் கியரை அடிவழியாக எடுக்க முடியும் என்பது இந்த வகையின் வசதி. சமதளத் தரை, உறுதியான ஸ்டாண்ட், உதவிக்கு ஓர் ஆள் தேவை. ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுக்கக் கூடாது.

ஆயிலை வடித்து, சுற்றியுள்ள சேற்றைப் பிரஷ்ஷும் டீசலும் கொண்டு முழுவதும் கழுவ வேண்டும். திறந்த பெட்டிக்குள் விழும் ஒரு சிட்டிகை மணல் புது பேரிங்கையும் தின்றுவிடும். பிறகு அடித்தட்டு போல்ட்களைக் கழற்றி, தட்டை மெதுவாக இறக்க வேண்டும். தட்டின் மூலையில் கிடக்கும் துண்டுகளைத் தூக்கி எறியாமல் எடுத்து வைக்க வேண்டும். எந்தப் பாகம் உடைந்தது என்று அவை சொல்லும்.

அடியிலிருந்து பார்க்கும்போதே எல்லாப் பற்களையும் டார்ச் வெளிச்சத்தில் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கலாம். அடுத்து நடுக் கியரைக் கையால் அசைக்க வேண்டும். மேலும் கீழும் ஆடினால் ரோலரும் ஷாஃப்டும் தேய்ந்திருக்கின்றன. முன்னும் பின்னும் தாராளமாக நகர்ந்தால் வெண்கல வாஷர் தேய்ந்திருக்கிறது.

பின்பக்கத்தில் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் பூட்டுத் தகட்டைக் கழற்றி, ஷாஃப்டை முன்னிருந்து பின்னோக்கித் தட்டி வெளியே எடுக்க வேண்டும். கைப்பிரேக் டிரம் இடித்தால் அதையும் கழற்ற வேண்டும். இரும்புச் சுத்தியலால் நேராக அடிக்கக் கூடாது. பித்தளைத் துண்டு அல்லது கடினமான மரக்கட்டை வைத்து அடிக்க வேண்டும். ஷாஃப்ட் வெளியேறும்போது கியர் கீழே விழாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ரோலர்கள் உதிரும், கீழே துணி விரித்து வைத்தால் ஒன்றுகூடத் தொலையாது. எண்ணி வைப்பது நல்லது.

எடுத்த ஷாஃப்டைத் துடைத்து நகத்தால் வருட வேண்டும். கோடு நகத்தில் தட்டினாலும், அம்மைத் தழும்புபோல் குழி இருந்தாலும் ஷாஃப்டை மாற்ற வேண்டும். ஷாஃப்ட், ரோலர், வாஷர் மூன்றையும் ஒரு தொகுதியாக மாற்றுவதே சரி. பழைய ஷாஃப்டில் புது ரோலர் போட்டால் அது நீடிக்காது. கியரின் உள்துளையும் குழி விழுந்திருந்தால் கியரும் மாற வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு ஷாஃப்டின் தடிமன் மாறியிருக்கிறது. அதனால் பழைய ஷாஃப்டைக் கையில் எடுத்துச் சென்று ஒப்பிட்டே வாங்க வேண்டும். போனில் வண்டி மாடலைச் சொல்லி வாங்கினால் தவறு நேரலாம்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பெட்டியின் துளையில் ஷாஃப்ட் இறுக்கமாக நிற்க வேண்டும். அது தளர்ந்து, ஷாஃப்டும் சேர்ந்து சுற்றிய அடையாளம் இருந்தால், புது பாகம் போட்டும் பயனில்லை. பெட்டியை இறக்கி, லேத் பட்டறையில் துளையைச் சரிசெய்தாக வேண்டும்.

திரும்ப மாட்டும்போது பலர் திணறுவது ரோலர்களை நிறுத்துவதில். இதற்கு எளிய வழி, ஷாஃப்டின் தடிமனைவிடச் சற்றே குறைவாக, கியரின் நீளத்துக்கு ஒரு மரக்குச்சியைச் செதுக்கிக்கொள்வது. கியருக்குள் கிரீஸ் தடவி ரோலர்களை அடுக்கி, நடுவில் குச்சியைச் செருகினால் அவை நகராது. வாஷர்களைக் கிரீஸால் பெட்டியில் ஒட்டி, அவற்றின் காது பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியரை இடத்தில் தூக்கிப் பிடித்து, பின்னிருந்து ஷாஃப்டை நுழைத்தால் அது குச்சியைத் தள்ளிக்கொண்டு முன்னேறும். பூட்டுத் தகடு உட்காரும் வெட்டு சரியான பக்கம் இருக்கிறதா என்பதை ஷாஃப்டைத் தட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவுட்புட் ஷாஃப்ட்: அளவு முக்கியம்

அவுட்புட் ஷாஃப்டை இரண்டு கூம்பு பேரிங்குகள் தாங்குகின்றன. பின்பக்க மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் மெல்லிய ஷிம் தகடுகள் உண்டு. ஷிம் கூட்டினால் ஷாஃப்டின் முன்பின் ஆட்டம் கூடும், குறைத்தால் இறுகும். இந்த ஆட்டம் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உறுமலும், சீல் ஒழுகலும், கியர் நழுவலும் வரும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் பேரிங் சூடாகி எரியும்.

இந்த அளவைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டயல் கேஜ் வேண்டும். அது இல்லாதவர்கள் இந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, அளவை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பேரிங்கை மாற்றும்போது உள்வளையமும் வெளிவளையமும் சேர்ந்தே மாற வேண்டும். சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும். அந்த நுனிப் பாகத்தையும் மாற்ற வேண்டும். ஆயில் குடித்த கைப்பிரேக் லைனிங்கைக் கழுவிப் போடுவது வேண்டாம். புதிதாகவே மாற்ற வேண்டும்.

மெயின் கியரையும், கியர் பாக்ஸின் பின் பேரிங்கையும் வீட்டில் தொடாமல் இருப்பது நல்லது. டிரான்ஸ்ஃபர் கேஸை இழுக்கும்போது கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்டும் கூடவே பின்னால் வந்துவிட்டால், உள்ளே உள்ள பாகங்கள் நழுவி, கியர் பாக்ஸையும் பிரிக்க வேண்டிய நிலை வரும். ஆனால் பின்பக்கச் சிறு மூடியைத் திறந்து, மெயின் கியர் நட்டு தளர்ந்திருக்கிறதா, அதன் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். சில வண்டிகளில் சத்தத்துக்கு அந்த நட்டு ஒன்றே காரணமாக இருக்கும்.

மாட்டி முடித்த பின்

ஆயில் ஊற்றிவிட்டு, நின்ற இடத்துச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பிறகு சுமை இல்லாமல் சமதளத்தில் சில கிலோமீட்டர் ஓட்டி, பெட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கம். ஒழுகல் இருக்கிறதா என்று இரவு அடியில் அட்டை விரித்துப் பார்க்கலாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அந்த ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினால், தேய்ந்து வந்த தூள் வெளியேறிவிடும். கைப்பிரேக்கைச் சுமை இல்லாமல் சிறு சரிவில் சோதித்த பிறகே ஆள் ஏற்ற வேண்டும்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

? கெட்டியான கிரீஸ் அல்லது மரத்தூள் போட்டால் சத்தம் நிற்கும் என்கிறார்களே?

சத்தம் சில நாள் அமுங்கும், தேய்மானம் நிற்காது. ஊசி ரோலர்களுக்கு இடையில் ஆயில் போய்ச் சேராமல் இன்னும் சீக்கிரம் கெடும். பழைய ஜீப் வாங்கும்போது பிளக்கைத் திறந்து பாருங்கள். ஆயில் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தால், சத்தத்தை மறைத்து விற்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

? ஃபோர் வீல் போட்டால் லீவர் திரும்ப வர மறுக்கிறது. பெட்டி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு வளைவில் திரும்பினால், முன் சக்கரமும் பின் சக்கரமும் ஓடும் தூரம் வேறுபட்டு, உள்ளே முறுக்கு ஏறும். சற்றுப் பின்னால் எடுத்தால் லீவர் விடுபடும். சேறு, கல், ஏற்றம் தவிர மற்ற இடங்களில் ஃபோர் வீல் போடாதீர்கள். நான்கு டயரும் ஒரே அளவாக, ஒரே தேய்மானமாக இருக்கட்டும்.

? ஃபோர் வீல் மினி டிராக்டருக்கும் இதே ஆயில் ஊற்றலாமா?

கூடாது. பல டிராக்டர்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். ஜீப்புக்கான கெட்டி ஆயிலை ஊற்றினால் லிஃப்ட் வேலை செய்வது பாதிக்கும். கையேட்டில் உள்ள தரத்தையே ஊற்றுங்கள். டயர் மாற்றும்போதும் முன், பின் அளவுகளைக் கையேட்டில் சொன்னபடியே வாங்குங்கள்.

பருவத்துக்கு ஒருமுறை

மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒருமுறை, அறுவடை தொடங்கும் முன்பு ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு முறை ஆயில் அளவு, சீல் ஒழுகல், ஷாஃப்ட் நுனி ஆட்டம், கைப்பிரேக் ஆகிய நான்கையும் பார்த்துவிட வேண்டும். ஓடையில் இறங்கிய வண்டிக்கு அந்த வாரமே ஆயிலைப் பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலைதான். ஏலக்காய் எடுப்பும் காபிப் பழம் பறிப்பும் நடக்கிற நேரத்தில் வண்டி நின்றுபோனால் கூலி, வாடகை, சந்தை மூன்றிலும் நஷ்டம். சரிவில் கைப்பிரேக் நழுவினால் அந்த இழப்பை ஈடுகட்டவே முடியாது.